நானூற்றுப் பதினெட்டு கிராம்

மார்ச் 4

மாமாவுக்கு,

போனில் கூப்பிடாமல் இவள் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் குரலும் உங்கள் மகன் குரலும் ஒரே அச்சு. நீங்கள் "ஹலோ" சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். கிட்டத்தட்ட இரண்டு வருஷமாக உங்கள் போனை எடுக்காததற்கு முதல் காரணம் அதுதான். கோபமும் உண்டு, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் நான் அந்த மலைப்பாதையில் நடக்கப் போகிறேன். அவன் நடந்த அதே பாதை. அறுநூற்று இருபது கிலோமீட்டர், நாற்பத்திரண்டு நாள். அவன் இருபதாம் நாளோடு நின்றுவிட்டான். மிச்சத்தை யாராவது நடந்து முடிக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஆய்வகத்தில் விடுப்பு சொல்லிவிட்டேன். "பொய்ப்பல் செய்யுற கைக்கு மலை எதுக்கும்மா?" என்று முதலாளி சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பையைக் கட்டிக் குளியலறைத் தராசில் வைத்தேன். பதினேழு கிலோ முந்நூறு. அதை மாட்டிக்கொண்டு என் அறைக்கும் கீழே இருக்கிற சலவைக் கடைக்கும் மூன்று தடவை ஏறி இறங்கினேன். மூன்றாவது தடவை சலவைக்காரர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "எங்கம்மா குடி மாறுறீங்க?" என்று கேட்டார்.

உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது, அதுதான் கொடுமை. முப்பது வருஷம் எடையளவு ஆய்வாளராகக் கடைகடையாகப் போய்த் தராசுக்கு முத்திரை வைத்தவர் நீங்கள். மகன் முழங்காலில் அறுவை நடந்திருக்கிறது என்று அவன் பையை ஒன்பது கிலோவுக்கு இறக்கி, பையின் வாயைக் கட்டி, அதற்கும் ஓர் ஈய முத்திரை வைத்து அனுப்பியவர். அந்தப் பையில் குளிர் ஜாக்கெட் இல்லை. பருவம் தப்பிப் பெய்த பனியில், கணவாய்க்குக் கீழே, மெல்லிய சட்டையோடு அவனை எடுத்தார்கள். அவனைக் கடைசியாக வழியனுப்பிய அன்று எல்லார் முன்னாலும், "உங்க தராசுதான் மாமா அவனைக் கொன்னுச்சு" என்று சொன்னேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள், ஒரு வார்த்தை மறுக்கவில்லை. நான் சொன்னதை இன்றைக்கும் திரும்பப் பெறவில்லை.

எடையைக் குறைக்க மட்டும் சொல்லிக் கொடுங்கள். எதை வெளியே எடுக்கக் கூடாது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மருமகள்
(இன்னும் அப்படித்தானே?)


மார்ச் 9

அம்மாடி,

உன் கடிதம் நேற்று வந்தது. அடைப்புக்குறிக்குள் கேட்ட கேள்விக்கு முதலில் பதில்: ஆமாம்.

போகாதே. இதை ஒரு தடவை சொல்லிவிட்டேன். நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றே, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பல்வரிசை கோணல் என்று என் எதிரிலேயே சொன்ன ஆள் நீ.

சரி, பை. சின்னச் சாமான்களை நோண்டாதே. முதலில் மூன்று பெரிய உருப்படிகளைப் பார்: பை, கூடாரம், தூங்கும் பை. பாதிக் கனம் இந்த மூன்றில்தான். வெறும் பையே எவ்வளவு என்று போட்டுப் பார். இரண்டரை கிலோ இருந்தால் அது பை இல்லை, பீரோ. கூடாரம் ஒற்றை ஆளுக்கானது போதும். ஊன்றி நடக்கிற கோலையே கம்பமாக நிறுத்துகிற வகை கிடைக்கும், கம்பி தனியாக வேண்டாம். அடுத்தது தண்ணீர். ஒரு லிட்டர் ஒரு கிலோ, இதில் பேரம் இல்லை. ஊற்றுக்கு ஊற்று எவ்வளவு தூரமோ அதற்கு மட்டும் நிரப்பு. சாப்பாட்டு அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் கட்டு. உடுப்பு இரண்டே இரண்டு: ஒன்று நடக்க, ஒன்று படுக்க. நாறும். நாறட்டும்.

மனிதர்கள் பையில் சாமானை வைப்பதில்லை. பயத்தைத்தான் வைக்கிறார்கள். இருட்டுக்குப் பயந்தவன் இரண்டு டார்ச் வைப்பான். நோய்க்குப் பயந்தவன் மருந்துக் கடையையே வைப்பான். உன் பையில் மருந்து எவ்வளவு என்று எழுது.

குளிர் ஜாக்கெட்டைத் தொடாதே. அது எவ்வளவு இருந்தாலும் சரி. அதைப் பட்டியலிலேயே சேர்க்காதே.

முழங்கால் வலிக்கிறது, மழை வரும் போலிருக்கிறது. வீட்டில் நானும் சுவர்க் கடிகாரமும்தான். அது சரியாக ஓடுகிறது.

மாமா


மார்ச் 20

மாமாவுக்கு,

மருந்து ஒரு கிலோ எண்ணூறு. நீங்கள் கேட்டது என் பயத்தின் எடை என்று புரிந்தது, அதனால் ஆத்திரமும் வந்தது. ஆனாலும் குறைத்தேன். ஒன்பது கட்டுத்துணி இரண்டானது. கத்தரிக்கோல் போச்சு. வயிற்றுக்கு ஒரு மாத்திரை, வலிக்கு ஒரு மாத்திரை, கொப்புளத்துக்கு ஊசியும் ஒட்டுத்துணியும். முந்நூற்று நாற்பது கிராம்.

பை இப்போது பன்னிரண்டு கிலோ நூறு. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை ஆய்வகத்து ரம்பத்தில் வைத்து அறுத்தேன். பக்கத்து மேசைப் பையன், "என்னக்கா, அதுக்கும் பல்லு கட்டப் போறீங்களா?" என்கிறான். சட்டைகளின் கழுத்துச் சீட்டுகளை எல்லாம் வெட்டினேன். மொத்தம் பதினொரு கிராம். பதினொரு கிராமுக்காக அரை மணி நேரம் உட்கார்ந்து வெட்டிவிட்டு, உங்கள் மகனும் இப்படித்தானே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டியிருப்பான் என்று தோன்றியது. அதற்குப் பிறகு அன்று ஒன்றும் செய்யவில்லை.

இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அவன் கிளம்புவதற்கு முன் இருபது நாள், ஆய்வகத்தில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அவனுக்கு நாற்பத்திரண்டு கடிதம் எழுதினேன். நாளைக்கு ஒன்று, உறைமேல் எண் போட்டு. அந்தந்த நாள் அவன் எங்கே இருப்பான் என்று வரைபடத்தைப் பார்த்து எழுதியது. நீங்கள் முத்திரை வைத்துவிட்டுத் தூங்கப் போனபின், முதுகுப் பஞ்சுக்குப் பின்னால் இருக்கிற இடுக்கில் செருகி வைத்தேன். பையின் வாயைத் தொடவே இல்லை. உங்கள் முத்திரைக்கு ஒரு குறையும் வரவில்லை.

காவல் நிலையத்திலிருந்து நீங்கள் வாங்கி வந்து என்னிடம் கொடுத்த பையில் அந்தக் கடிதங்கள் இல்லை. ஒன்றுகூட இல்லை. எந்த ஊர்க் குப்பைத் தொட்டியில் போட்டானோ. உங்கள் ஒன்பது கிலோவுக்குப் பயந்து பெண்டாட்டி கடிதத்தையும் தூக்கிப் போட்டுவிட்டான். ஜாக்கெட் இல்லாததைவிட இதுதான் என்னை அறுக்கிறது மாமா. செத்தவன்மேல் கோபப்படுவது எவ்வளவு அசிங்கம் என்று எனக்கும் தெரியும்.

பல் பட்டறைக்காரி


ஏப்ரல் 2

அம்மாடி,

பன்னிரண்டு இன்னும் அதிகம். உன் உடம்பு ஐம்பத்தொன்று இருக்குமா? பத்துக்கு வந்துவிடு. சமைக்க ஒரே பாத்திரம், அதுவே தட்டு, அதுவே குவளை. வழிகாட்டிப் புத்தகத்தில் உனக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் கிழித்துக்கொள். கனத்த பூட்ஸை விட்டுவிட்டு ஓட்டக்காரர்கள் போடுகிற லேசான ஷூ வாங்கு. காலில் உள்ள கனத்தை ஒவ்வோர் அடிக்கும் ஒரு தடவை தூக்க வேண்டும்.

கடிதங்கள் விஷயம். அவன் குப்பையில் போட்டிருக்க மாட்டான். அப்படி நினைக்காதே. அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

இன்னொன்று. முதல் விடுதி வரைக்கும் உள்ள பாதை வெறும் தார்ச்சாலை. லாரிப் புகை, ஒரு மரம் கிடையாது. எல்லாரும் பஸ்ஸில் ஏறி நேராக இரண்டாவது விடுதியில் இறங்கித்தான் தொடங்குவார்கள். முதல் விடுதியில் படுக்கையும் சரியில்லையாம், மூட்டைப்பூச்சியாம். நீயும் இரண்டாவதில் இருந்தே தொடங்கு. உன் கால் பழகுவதற்கும் அதுதான் நல்லது. நான் கேட்டு நீ ஒன்றும் செய்ததில்லை, இதை மட்டும் செய்.

என் சின்னக் கொக்கித் தராசைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உள்ளங்கையில் அடங்கும், ஒரு கிராம்கூடப் பொய் சொல்லாது. வேலை முடிந்ததும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. அதுவே எண்பது கிராம்.

மாமா


மே 11
முதல் விடுதி

மாமா,

நீங்கள் வேண்டாம் என்று சொன்னதால்தான் இங்கிருந்து தொடங்கினேன். அவ்வளவு தூரம் ஒரு மூட்டைப்பூச்சிக்கு நீங்கள் பயப்பட மாட்டீர்கள்.

சாலை நீங்கள் சொன்ன மாதிரியேதான். விடுதி நன்றாகவே இருக்கிறது, படுக்கை சுத்தம். கூடத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. நடக்கிறவர்கள் தங்களுக்கு வேண்டாததை அதில் போட்டுவிட்டுப் போகலாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எதைப் போட்டாலும் பக்கத்தில் கிடக்கிற நோட்டில் எழுத வேண்டும். பழைய நோட்டுகளையும் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தியதை எடுத்துப் புரட்டினேன். அவன் கையெழுத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. அதுவே கண்ணில் பட்டது.

அப்படியே எழுதுகிறேன்:

"விட்டுச் செல்வது: குளிர் ஜாக்கெட் ஒன்று, 412 கிராம். காரணம்: மனைவி ரகசியமாக ஏற்றிய காகிதச் சரக்கு, 418 கிராம். மீதி ஆறு கிராம் நகம் வெட்டி நேர் செய்யப்படும்."

கீழே ஒரு சிரிக்கிற முகம் வரைந்திருக்கிறான். கோணல் பல்லோடு.

மாமா, காகிதத்துக்கு எடை உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. பல்லுக்கு மாவு பிசையும்போது ஒரு கிராம் கூடக்குறைய விடாதவள் நான். காகிதம் என்றதும் புத்தி வேலை செய்யவில்லை. நாற்பத்திரண்டு உறை, ஒன்றுக்குப் பத்து கிராம். நீங்கள் ஜாக்கெட்டை எடுக்கவில்லை. உள்ளேதான் வைத்திருந்தீர்கள், ஒன்பது கிலோவுக்குள் அதையும் சேர்த்துத்தான் முத்திரை போட்டிருந்தீர்கள். என் கடிதம் உள்ளே போனதால் அது வெளியே வந்தது.

இரண்டு வருஷம் உங்களைக் கொலைகாரன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அத்தனை பேர் நடுவில் சொன்னேன். நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை? உங்களுக்குத் தெரியும். தெரிந்துதானே இந்த விடுதிக்கு வரவிடாமல் பார்த்தீர்கள்?

கடிதங்களை அவன் தூக்கிப் போடவில்லை என்றால் அவை எங்கே?

காலையில் கிளம்புகிறேன். மூன்றாவது விடுதிக்கு எழுதுங்கள், வாராவாரம் சாமான் வண்டி தபால் கொண்டுவருமாம்.


மே 16

அம்மாடி,

முதலில் உட்கார். தண்ணீர் குடித்துவிட்டுப் படி.

கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. காவல் நிலையத்தில் அவன் பொருட்களுக்குப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். "உறையிட்ட கடிதம் 42, பிரித்தது 19, பிரிக்காதது 23" என்று அதில் இருந்தது. நான் எடை போட்ட சாமான்களில் அது கிடையாது. உறைமேல் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துவிட்டது. முதல் விடுதிக்குப் போன் போட்டேன். விடுதிக்காரர் நோட்டைப் படித்துச் சொன்னார். எல்லாம் அன்றைக்கே புரிந்துவிட்டது.

கடிதங்களைத் தனியாக எடுத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒன்றையும் பிரித்துப் படிக்கவில்லை, பிரித்திருந்ததையும் படிக்கவில்லை. மற்றதை உன்னிடம் கொடுத்தேன். அதற்குள் நீ என்னைத் திட்ட ஆரம்பித்திருந்தாய். திட்டட்டும் என்று இருந்துவிட்டேன். எனக்கு அறுபத்தெட்டு, எவ்வளவு திட்டினாலும் இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்க வேண்டும். உனக்கு முப்பத்திரண்டு.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை. பெண்டாட்டி புருஷனுக்குக் கடிதம் எழுதுவது தப்பென்றால் நாட்டில் ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள். அவன் அடுப்பை இறக்கியிருக்கலாம், பாத்திரத்தை இறக்கியிருக்கலாம். ஜாக்கெட்டை இறக்கியது அவன் புத்தி. நான் ஒவ்வொரு சாமான்மேலும் மையால் எடையை எழுதி வைத்திருந்தேன். 418-க்குப் பக்கத்தில் இருந்தது 412 ஒன்றுதான். அதைப் பார்த்திருப்பான், எடுத்துப் போட்டிருப்பான். வேறெந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் "குளிருமா, குளிராதா" என்றுதான் யோசித்திருப்பான். என் பிள்ளை எண்ணைப் பார்த்தான். அப்படி வளர்த்தது யார்?

நடந்தது போதும். மூன்றாவது விடுதியில் இருந்து அடிவாரத்துச் சந்தைக்குப் பஸ் உண்டு. வீட்டுக்கு வா.

மாமா


மே 24
மூன்றாவது விடுதி

மாமா,

நான்கு நாளாக இங்கேயே படுத்துக் கிடக்கிறேன். காய்ச்சல் இல்லை. எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும், அது கிடைக்கவில்லை. விடுதிக்கார அம்மா இரண்டு வேளை கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாப்பிடும்மா, தட்டு ஆறுது" என்கிறார். தட்டு ஆறினால் என்ன, ஆறாவிட்டால் என்ன.

இப்படி இரக்கப்படுவதற்கு உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அவன் என் கடிதங்களைச் சுமந்துகொண்டு போனான், தினம் ஒன்று பிரித்தான். இது தெரியாமல் இரண்டு வருஷம் அவனையும் சேர்த்து வெறுத்திருக்கிறேன். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று அவனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டீர்கள். ராத்திரி அவன் போட்டோவைத் திருப்பி வைத்துவிட்டுப் படுத்தவள் நான். அந்த இரவுகளை எனக்குத் திருப்பித் தருவீர்களா?

படுத்துக் கிடந்ததில் இன்னொன்றும் யோசித்தேன். முதல் விடுதியில் பெட்டிக்கு மேலே ஒரு தராசு தொங்குகிறது. அதில்தான் பையை எடை போட்டிருப்பான் என்று நினைத்திருந்தேன். அங்கிருந்து கிளம்புகிற அன்று விடுதிக்காரரிடம் கேட்டேன். "தராசா? அது போன வருஷம் வாங்கினதும்மா. அதுக்கு முன்னாடி ஏது?" என்றார்.

அப்படியானால் 418 என்று அவனுக்கு எப்படித் தெரியும்? காகிதச் சரக்கை அவன் பார்த்திருக்கலாம். ஒரு கிராம் பிசகாமல் எடையைச் சொல்ல அவன் என்ன மந்திரவாதியா? கிராம் கணக்கில் பொய் சொல்லாத தராசு ஒன்றுதான் எனக்குத் தெரியும். ஏப்ரலில் அதை எனக்குப் பார்சலில் அனுப்பியிருந்தீர்கள்.

நான்காவது விடுதிக்கு மெல்ல நடந்து போய்விடுவேன். அங்கே கடிதங்களை அனுப்புங்கள், நாற்பத்திரண்டையும். கூடவே பதிலும் அனுப்புங்கள்.


மே 31

அம்மாடி,

கேட்டுவிட்டாய். கேட்க மாட்டாய் என்று நம்பியிருந்தேன்.

அவன் கிளம்பிய அன்று காலை ரயில்வே ஸ்டேஷனில் நீ காபி வாங்கப் போனாய். அவன் பையைப் பெஞ்சின்மேல் வைத்திருந்தான். என் சட்டைப் பையில் தராசு இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. கொக்கியை மாட்டித் தூக்கினேன். ஒன்பது கிலோ நானூற்றுப் பதினெட்டு. முத்திரை அப்படியே இருந்தது. எனக்கு முகம் மாறிவிட்டது. முப்பது வருஷத்தில் என் முத்திரைக்குள் ஒரு கிராம் கூடியதில்லை. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று எனக்கு வந்தது கோபம்தான்.

"டேய், உள்ள நானூத்திப் பதினெட்டு ஏறியிருக்குடா."

அவன் சிரித்தான். "அவ எதையாவது சொருகியிருப்பாப்பா. விடுங்க."

"என்ன விடுங்க? முழங்கால் யாருது? முதல் விடுதியில அதே அளவு எதையாவது இறக்கிடு. எனக்குச் சத்தியம் பண்ணு."

"சரிப்பா, சத்தியம்."

அப்போது நீ காபியோடு வந்தாய். பேச்சு நின்றது. காபி நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

எதை இறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "ஜாக்கெட்டைத் தொடாதே" என்று இரண்டு வார்த்தை, அதைச் சொல்லவில்லை. உனக்கு மார்ச் மாதம் எழுதினேனே, அதை அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் அவனுக்கு ஒன்பது கிலோ என்று ஒரு கணக்கும் சொல்லவில்லை. "கனம் வேண்டாம்" என்று மட்டும்தான் சொன்னார். ஒன்பது என்பது நானாக வைத்த எண்.

அதனால் நீ அத்தனை பேர் முன்னால் சொன்னது சரிதான். காரணம் மட்டும் வேறு. உன்மேல் இரக்கப்பட்டுப் பேசாமல் இருந்ததாகப் போன கடிதத்தில் எழுதினேன். அது பாதிதான் உண்மை. ஜாக்கெட்டைப் பட்டியலில் விட்டுவிட்ட கிழவன் என்று நீ திட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது. பெஞ்சடியில் பிள்ளையிடம் சத்தியம் வாங்கிய கிழவன் என்று சொல்லவேண்டி வருமே என்றுதான் கடிதங்களைப் பூட்டி வைத்தேன். கடிதங்கள் வெளியே வந்தால் எண்ணும் வெளியே வரும்.

கடிதங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒரு விஷயத்தை நீ தெரிந்துகொண்டு பிரி. அவை பையில் இருக்கவில்லை. அவன் சட்டைக்கு உள்ளே, நெஞ்சிலும் முதுகிலும் வரிசையாகச் செருகி, மேலே இடுப்புப் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தான். குளிருக்குக் காகிதம் கொஞ்ச நேரம் தாங்கும். அவனிடம் வேறு எதுவும் இல்லை. எடுத்து வந்த ஆள் என்னிடம் சொன்னார். உறைகள் சில கசங்கியிருக்கும், அதனால்தான்.

இனி என்னைத் திட்டினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

மாமா


ஜூன் 8
நான்காவது விடுதி

மாமா,

பார்சல் முந்தாநாள் வந்தது. கட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உறைகள் அவன் உடம்பின் வளைவுக்கு வளைந்திருக்கின்றன. இரும்பு அலமாரியில் இரண்டு வருஷம் இருந்தும் நிமிரவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என்ன வந்தது என்று சொல்லட்டுமா? நிம்மதி. ஒரு நிமிஷம்தான். அப்பாடா, நானில்லை, அவர்தான் என்று ஒரு நிமிஷம். எவ்வளவு கேவலம் பாருங்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காக நீங்கள் எனக்கு அதை எழுதாமலேயே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் அதற்குப் பிறகு இந்த விடுதிக்காரருடன் பேசினேன். இங்கிருந்துதான் கணவாய்க்கு ஏறுகிறார்கள். அவருக்கு அவனை நன்றாக நினைவிருக்கிறது. முந்தின நாள் சாயங்காலமே வானம் சரியில்லையாம். மூன்று பேர் தங்கியிருந்தார்களாம். இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். இவனையும் பிடித்து உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார்.

"ரெண்டு நாள் பொறுங்க தம்பின்னு கையப் புடிச்சுச் சொன்னேம்மா. கேக்கல. சிரிச்சுக்கிட்டே, 'மேல போய் ஒரு லெட்டர் படிக்கணுங்க, இன்னைக்கே படிக்கணும்'னார். என்ன லெட்டர்னு எனக்குப் புரியல. ஏறிட்டார்."

எனக்குப் புரிந்தது. அந்த வரைபடத்தைப் பார்த்து நான்தானே நாள் பிரித்தேன். பத்தொன்பதாம் கடிதம் இந்த விடுதியில் பிரிக்க வேண்டியது, இருபதாவது கணவாயின் உச்சியில். பத்தொன்பதில் நான் என்ன எழுதினேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. "நாளைக்கு மேலே போய்த்தான் அடுத்ததைப் பிரிக்கணும். ஒரு நாளும் தள்ளக் கூடாது. என்மேல் சத்தியம்." ஆய்வகத்தில் பல் அச்சு காய்வதற்குள் கொஞ்சுவதாக நினைத்துக்கொண்டு எழுதினேன். அப்படித்தான் எழுதியதாக நினைவு.

நம் இரண்டு பேருக்கும் அவன் ஒரே மாதிரி "சரி" சொல்லியிருக்கிறான் மாமா. உங்களுக்காக ஜாக்கெட்டை இறக்கினான். எனக்காக மலை ஏறினான். ஒருத்தர் பேச்சையாவது தட்டியிருக்கலாம். பொல்லாத பிள்ளையாக ஒரே ஒரு நாள் இருந்திருக்கலாம்.

இருபதாம் கடிதம் பிரிக்காமல் இருக்கிறது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பத்தொன்பதாவது அவன் பிரித்துப் படித்தது. மூன்று நாளாகக் கையில் வைத்திருக்கிறேன். உறை திறந்துதான் இருக்கிறது, உள்ளே தாள் தெரிகிறது. வெளியே எடுக்க முடியவில்லை. ஒருவேளை நான் அப்படி எழுதாமல் இருந்திருக்கலாம். ஒருவேளை "மழை என்றால் நின்றுவிடு" என்று ஒரு வரி சேர்த்திருப்பேன். இருபது நாளில் நாற்பத்திரண்டு கடிதம் எழுதியவளுக்கு எந்த வரி எதில் என்று எப்படி நிச்சயமாகத் தெரியும்? எடுத்துப் பார்த்துவிட்டால் அந்த ஒருவேளையும் போய்விடும்.

நான் மேலே ஏறவில்லை. மிச்சத்தை நடந்து முடிக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. வியாழக்கிழமை சாமான் வண்டியில் இறங்கிச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மன்னிக்க வரவில்லை, மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை. இதை உலகத்தில் வேறு யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் வருகிறேன்.

வந்ததும் என்னிடம் எதுவும் கேட்காதீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். பத்தொன்பதாவதை உங்கள் கையில் கொடுக்கிறேன். நீங்கள் படியுங்கள், சத்தமாக. உங்கள் குரல் அவன் குரல் மாதிரியே இருக்கும், பரவாயில்லை, தாங்கிக்கொள்கிறேன். என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுத்து பிசகாமல் படியுங்கள். இந்தத் தடவை மட்டும் என்மேல் இரக்கப்பட்டு மாற்றிப் படித்துவிடாதீர்கள் மாமா.

உங்கள் மருமகள்